நுணுக்கத்தைப் பங்கிடுதல்

கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவருக்கும், மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான விரல் உயரப் படைவீரனுக்கு வண்ணம் தீட்டுபவருக்கும் சந்தை வேறு, வாங்குபவர் வேறு, தூரிகையின் தடிமன்கூட வேறு. எங்கே நிறுத்துவது என்ற இக்கட்டு மட்டும் இருவருக்கும் பொது. புடவைக்குக் கரை போட்டாயிற்று. கரைக்குள் கொடி ஓட்டலாமா? கொடி ஓட்டினால் இலைக்கு நரம்பு வேண்டாமா? ஒரு பொம்மையோடு முடிகிற வேலை என்றால் ஆசைப்பட்ட மட்டும் செய்துகொண்டு போகலாம். தசாவதார செட்டில் 10 பொம்மைகள், அறுபத்துமூவர் செட்டில் 63, விளையாட்டுப் படை ஒன்றில் 40 அல்லது 50. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கூட்டினால் அறுபத்துமூவருக்கு 31 மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும்.

நேரமும் பொறுமையும் இருக்கிறவரை சேர்த்துக்கொண்டே போகலாம் என்பது பலரும் சொல்லும் விடை. நுணுக்கம் கூடக்கூடத் தரமும் கூடும், குறைந்தால் அது சோம்பல் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நம் ஓவியர்களும் பொம்மைக்காரர்களும் விட்டுச்சென்ற வேலையைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. அவர்கள் நுணுக்கத்தைப் பங்கிட்டார்கள்: யாருக்கு எவ்வளவு, எந்த இடத்தில் எவ்வளவு, எங்கே ஒன்றுமே வேண்டாம் என்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தை நடுவில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் இதற்கு நல்ல சான்றுகள் கிடைக்கின்றன. ஒன்று அந்த ஊரிலேயே பிறந்த புலவருடையது.

கண்ணின் கணக்கு

முதலில் கண்ணால் எவ்வளவு முடியும் என்று பார்த்துவிடலாம். நல்ல வெளிச்சத்தில், குறையில்லாத கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். தொலைவாக மாற்றினால், 1 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கும்போது இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். 2 மீட்டரில் அது 0.6 மி.மீ. ஆகும். கையில் எடுத்து 30 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்த்தால் 0.1 மி.மீ.க்கும் குறைவான இடைவெளி போதும்.

மேசை விளையாட்டு உருவங்களில் பரவலான அளவு 28 மி.மீ. பாதத்திலிருந்து கண்மட்டம் வரை எடுக்கும் அளவு அது. ஆள் உயரத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 58இல் ஒரு பங்கு. மனிதக் கண் சுமார் 30 மி.மீ. அகலம், கருவிழி வட்டம் 12 மி.மீ. அந்தக் கணக்கில் பொம்மைக்குக் கண் அரை மி.மீ., கருவிழி 0.2 மி.மீ. விளையாடுகிறவர் மேசையோரம் நின்று 1 மீட்டர் தொலைவில் பார்க்கிறார். வெள்ளை விழியும் கருவிழியும் அவருக்குத் தனித்தனியே தெரியாது. புருவத்தடியில் ஒரு கருநிழல் மட்டும் தெரியும். மூச்சைப் பிடித்து வைத்த கருவிழிப் பொட்டும், அந்த இடத்தில் வழியவிட்ட கரும்பழுப்புச் சாயமும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான்.

கொலு பொம்மையின் கணக்கு வேறு. 25 செ.மீ. உயரம் நிற்கும் பொம்மைக்கு, ஆளளவுப்படியே எழுதினாலும் கருவிழி 1.8 மி.மீ. வரும். கூடத்தின் மறுகோடியில், 6 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் பொம்மைத் தொழிலில் கண் எழுதும் வேலை கடைசிக்கு ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலும் கைதேர்ந்தவரே அதைச் செய்கிறார். மேனி நிறம், உடை, கரை, நகை எல்லாவற்றையும் வீட்டில் உள்ள பலரும் பகிர்ந்து செய்யலாம். கண் பிசகினால் முழுப் பொம்மையும் பிசகும். அதே பொம்மையின் கழுத்தில் அரை மி.மீ. இடைவெளியில் வைத்த முத்துப் புள்ளிகளோ, படிகளுக்கு எதிரே 2 மீட்டரில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே கோடாகத்தான் தெரியும். அங்கே ஒரு தங்கக் கோடு இழுத்தாலே போதும்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. இரண்டைப் பிரித்தறிவதற்குத்தான் இந்த அளவு. கறுப்பின்மேல் தனியாக நிற்கும் ஒரு வெள்ளைப் புள்ளி இதைவிடச் சிறிதாக இருந்தாலும் பளிச்சென்று படும். மூக்குத்திக்கு ஒரு பொட்டு வைப்பதும் வாள்முனையில் ஒரு வெளிர்கோடு இடுவதும் வீண்போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரே பொம்மை, மூன்று தொலைவு

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்க, மிகையான நுணுக்கம் எப்படி வருகிறது? பொம்மையை வாங்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றல்ல. காஞ்சிபுரத்திலோ, மதுரை விளாச்சேரியிலோ, கடலூர் வண்டிப்பாளையத்திலோ பொம்மை வாங்குபவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். கண்ணுக்கும் பொம்மைக்கும் இடையே ஒரு முழம். அந்த முழத்தில் பட்டுக்கரையின் புட்டாவும் தெரியும், விரல்நகமும் தெரியும். அதற்குத்தான் விலை பேசுகிறார். வீட்டுக்கு வந்ததும் பொம்மை ஐந்தாம் படிக்கோ ஏழாம் படிக்கோ போய்விடுகிறது. விலை நிர்ணயமாவது ஒரு தொலைவில், காட்சி அமைவது இன்னொரு தொலைவில்.

கைபேசி இதில் மூன்றாவது தொலைவைக் கொண்டுவந்துவிட்டது. அது பெரிதாக்கிக் காட்டும் படத்தில் கட்டைவிரல் அளவு முகம் திரை முழுதும் நிறைகிறது. கண்ணுக்குத் தெரியாத தூரிகைத் தடமும் அங்கே தெரியும். மேசை விளையாட்டுக்காரர்கள் இந்தச் சிக்கலை உணர்ந்து, விளையாடுவதற்கான தரம் என்றும் காட்சிக்கு வைப்பதற்கான தரம் என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். படையிலுள்ள எல்லா உருவத்துக்கும் முதல் தரம். தளபதி ஒருவருக்கோ, போட்டிக்கு அனுப்பும் ஒன்றுக்கோ இரண்டாவது. இந்தத் தரப்பிரிவு புதிதாகத் தோன்றலாம். அதன் தருக்கம் தாமிரபரணிக் கரையில் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது.

படையை எழுதிய சுவர்

தென்காசிக்குத் தென்கிழக்கே, தாமிரபரணியும் கடனாநதியும் கூடும் இடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. அங்குள்ள நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்துக்குள் மரத்தூண்களும் மரச் சிற்பங்களும் சுவர் நிறைய ஓவியங்களும் உண்டு. புராணக் காட்சிகளோடு ஒரு பெரும்போரும், கப்பலில் குதிரைகள் வரும் காட்சியும் அங்கே இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியங்களை விரிவாக ஆராய்ந்த ச. பாலுசாமி, அந்தப் போர் 1532இல் விசயநகர அச்சுதராயரின் படைக்கும் வேணாட்டுப் படைக்கும் நடந்த தாமிரபரணிப் போர் என்று அடையாளம் காண்கிறார்.

நூற்றுக்கணக்கான ஆட்களைச் சுவரில் நிறுத்த வேண்டிய ஓவியனும், மேசைமேல் படையை நிறுத்துபவரும் ஒரே கேள்வியைச் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் தனி முகம் வேண்டுமா? நாயக்கர் கால ஓவியங்களில் படையைக் காட்டும் பொதுவழக்கே இதற்கு விடை. காலாட்கள் வரிசையாக, ஒருவர் தோள்மேல் ஒருவர் தோளாக நிற்பார்கள். முகம் பக்கவாட்டில் இருக்கும். ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே கண் திரும்பத்திரும்ப வரும். குதிரைகளும் அப்படியே, ஒன்றன் வெளிக்கோடு அடுத்ததன்மேல் படிந்தபடி. அரசனிடம் வரும்போது உருவம் பெரிதாகும், குடை நிற்கும், உடையில் பூவேலை வரும், அணிகலன்கள் எண்ணிக்கையில் கூடும். நுணுக்கம் இங்கே தகுதியைச் சொல்லும் அடையாளமாகிறது. எல்லா வீரனுக்கும் பூவேலை செய்திருந்தால் அரசன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப ஓவியங்கள் இன்னொரு பாடத்தைத் தருகின்றன. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்காதனம் என்ற ஓவியர் எழுதிய முசுகுந்தன் கதை அது. இருப்பது கூரையில், பார்ப்பவர் தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பட்டைபட்டையாக ஓடும் கதையில், நெரிசலான ஊர்வலங்களிலும் தேவசபைகளிலும் முசுகுந்தனைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. அவனுக்குக் குரங்கு முகம். காட்சிக்குக் காட்சி உடை மாறினாலும் அந்த முகம் கதையை எடுத்துக் கொடுத்துவிடும். மீதிச் செய்தியைப் படத்தின் கீழே எழுதிய தமிழ் வரிகள் சொல்லும். தொலைவு மிகும்போது ஓவியர் நம்பியிருப்பது ஒரு வலுவான அடையாளக்குறியை.

கொலு செட்டுகள் இந்த நியதியில்தான் பிழைக்கின்றன. தசாவதாரத்தில் மீன் உடல், பன்றி முகம், சிங்க முகம், மழு, வில், கலப்பை, புல்லாங்குழல் என்று ஆளுக்கொரு குறி. பலராமனின் மேலாடைக்கு எத்தனை மடிப்பு எழுதினாலும் கலப்பை மங்கினால் அவன் பலராமன் இல்லை. அறுபத்துமூவரில் பெரும்பாலோர் கைகூப்பி நிற்பவர்கள். கண்ணில் அம்பு வைக்கும் கண்ணப்பர், எலும்புருவான காரைக்கால் அம்மையார், உழவாரம் ஏந்திய அப்பர், குழந்தையான சம்பந்தர் போன்ற சிலர்தாம் பார்த்த உடனே பெயர் சொல்ல வைப்பவர்கள்.

சித்திர சபையும் சித்திரசூத்திரமும்

நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரத்துக்குப் பொன், மதுரைக்கு வெள்ளி, நெல்லைக்குத் தாமிரம், திருவாலங்காட்டுக்கு இரத்தினம். மேலகரத்திலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க குற்றாலத்துக்குச் சித்திரம். இங்கே வழிபடப்படும் நடராசரே சுவரில் எழுதிய ஓவியம். செப்புத் தகடு வேய்ந்த கூரையின் கீழ், சுற்றுச் சுவர்களில் புராணக் காட்சிகளும் அடியார்களும் தேவ வடிவங்களும் நிறைந்திருக்கின்றன.

ஒரே கட்டடத்துக்குள் இரண்டு விதப் பார்வை இங்கே நடக்கிறது. நடராசரை நேருக்கு நேர் நின்று, ஓர் இடத்திலிருந்து, கண் நகராமல் பார்க்கிறோம். சுற்றுச் சுவர்களை நடந்தபடி பார்க்கிறோம். ஒரு காட்சிக்குச் சில நொடிகள் கிடைத்தால் அதிகம். நின்று பார்க்கும் உருவம் எவ்வளவு நுணுக்கத்தையும் தாங்கும், ஏனெனில் பார்ப்பவர் அதற்கு நேரம் கொடுக்கிறார். நடந்து பார்க்கும் காட்சிக்குத் தெளிவான வெளிக்கோடும் விரிந்த நிறப்பரப்பும் வேண்டும். தொலைவோடு நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை இந்தச் சபை கற்பிக்கிறது.

இந்திய ஓவிய நூல்களில் பழமையானது விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1920களில் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழரான கலை வரலாற்றறிஞர் சி. சிவராமமூர்த்தி பின்னர் அதை விரிவாக ஆராய்ந்தார். ஓவியத்தில் யார் எதைத் தேடுகிறார்கள் என்று அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. கைதேர்ந்த ஆசான்களின் கண் கோட்டில் நிற்கும். நுகர்ந்தறிந்தவர்களின் கண் நிழற்பூச்சில் நிற்கும். பெண்கள் அணிகலனிலும் மற்றவர்கள் வண்ணச் செழிப்பிலும் மகிழ்வார்கள். பெண்களை அணிகலனோடு சேர்க்கும் அதன் பார்வை அக்காலத்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் வரிசை முக்கியம்: நகையும் நிறமும் கடைசியில் வருகின்றன. உறங்குகிறவனுக்கும் இறந்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதத் தெரிந்தவனையே ஓவியன் என்று அது மதிக்கிறது. அந்த வேறுபாட்டைக் காட்ட நூறு கோடுகள் தேவையில்லை. சரியான இரண்டு மூன்று போதும்.

சிங்கியின் நகைகள்

அப்படியானால் நகையும் பூவேலையும் வீண் ஆடம்பரமா? மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் வேறு பதில் தருகிறார். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில், குறி சொல்லிப் பொருள் ஈட்டித் திரும்பும் குறத்தி சிங்கியை அவள் கணவன் சிங்கன் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறான். காலில் இது என்ன, இடையில் அது என்ன என்று ஒவ்வோர் அணியும் அவனுக்கு விந்தையாக, அச்சமாக, ஐயமாகப் படுகிறது. எந்த ஊரில் குறி சொல்லி எது கிடைத்தது என்று அவளும் பல அணிகளுக்கு ஒரு நாட்டின் பெயரோடு விடை சொல்கிறாள்.

ஒரு பெண்ணின் உடலில் அத்தனை நகைகளை வரிசையாக அடுக்கியும் அந்தப் பகுதி சலிப்பதில்லை. ஒவ்வொரு நகையும் ஒரு பயணத்தையும், அவள் தொழிலின் பெருமையையும், அவன் மனத்தின் கலக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழும். சிறு உருவத்துக்கான அளவுகோலாக இதை எடுத்துக்கொள்ளலாம். நுணுக்கம் இரண்டு வகை: செய்தி சொல்வது, இடத்தை நிரப்புவது. செட்டியார் பொம்மையின் கணக்குப் புத்தகமும் காதுக் கடுக்கனும் அவர் யார் என்று சொல்கின்றன. அவர் உட்கார்ந்திருக்கும் பாயில் எழுதிய நாற்பது கோடுகள் பாயை நிரப்புகின்றன, அவ்வளவுதான். போர் உருவத்தில் கேடயத்தின் சின்னம் எந்த அணி என்று சொல்கிறது. காலணியின் வார் முடிச்சு ஒன்றும் சொல்வதில்லை.

தஞ்சாவூர் ஓவியங்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சுதை எழுப்பி, கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டிய அணிகளும் மண்டபமும் ஒருபுறம். தட்டையாக, மென்மையாக, ஏறக்குறைய வேலையே இல்லாமல் விட்ட முகம் மறுபுறம். சுற்றிலும் மின்னுவதால்தான் மின்னாத முகத்தில் கண் போய் நிற்கிறது. முகத்துக்கும் அதே அளவு வேலை செய்திருந்தால் படம் முழுதும் பளபளப்பாகி, பார்வை தங்க இடமில்லாமல் போயிருக்கும்.

கொலுவின் சான்று இதைவிடக் கறாரானது. கொலுவில் முதல் மரியாதை மரப்பாச்சிக்கு. செம்மரத்தில் செதுக்கிய அந்த ஆண், பெண் இணைக்கு வண்ணமே கிடையாது; துணியும் நகையும் வீட்டார் போடுவது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களுக்கு வேறொரு கட்டுப்பாடு. கடைசல் சுழலும்போது அரக்குக் கட்டியை அழுத்திப் பூசுவதால் சுற்றுப்பட்டையாக மட்டுமே நிறம் வரும். பூவோ கொடியோ வராது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான அந்தப் பட்டைகள் மட்டும் இருந்தாலும், வடிவத்தைக் கொண்டே குழந்தை அது அடுப்பு, இது ஆட்டுக்கல் என்று அறிந்துகொள்கிறது. வடிவம் சரியாக இருந்தால் வண்ணத்தின் வேலை பாதி முடிந்துவிடுகிறது.

நிழல், சாரல், கூலி

இந்தக் கருத்துகள் தூரிகைக்கு வரும்போது மூன்று நடைமுறைகள் எழுகின்றன. முதலாவது நிழல். ஆளுயர வேட்டியின் மடிப்பில் விழும் நிழல் ஆழமாக இருக்கும். விரல் உயர உருவத்தின் மடிப்பில் ஆழம் அரை மி.மீ. கூட இராது, அறை வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் புகுந்து நிழலை அழித்துவிடும். ஆகவே நிழலை எழுதியே ஆக வேண்டும், அதுவும் இயல்பைவிட அழுத்தமாக. அடிநிறம், அதைவிடக் கருத்தது, அதைவிட வெளிறியது என்ற மூன்று படிகளை வைத்துப் படையை முடிக்கும் முறை இன்று உலகெங்கும் உண்டு. சித்திரசூத்திரம் நிழற்பூச்சை இலைநரம்புபோன்ற கோடுகளால் வருவது, மெல்லிய பூச்சால் வருவது, புள்ளிகளால் வருவது என மூன்றாகப் பிரிக்கிறது. இன்றைய உருவக்காரர்கள் இந்த மூன்றையும் வேறு பெயர்களில் செய்துகொண்டிருக்கிறார்கள். 1 மீட்டர் தொலைவில் மூன்று படி நிழல் தெரியும். ஏழு படி நிழல் அதிலிருந்து வேறுபட்டுத் தெரியாது.

இரண்டாவது, ஊரின் தட்பவெப்பம். புரட்டாசிக் கொலுவுக்கு ஆடி, ஆவணியில் வேலை நடக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழும் காலமும் அதுவே. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது காகிதக்கூழ் பொம்மை உள்ளே உலராது. மேலே பூசிய வண்ணம் பிசுபிசுக்கும். வார்னிஷ் வெண்மை பூத்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் காயக் காத்திருக்க வேண்டிய ஊரில், அடுக்குகளைக் குறைப்பதே நல்ல வேலை. பளபளக்கும் வார்னிஷின் மேல் கொலுவின் சீரியல் பல்பு வெளிச்சம் பட்டுத் தெறித்து, பாடுபட்டு எழுதிய கோடுகளை மறைக்கவும் செய்யும். முகத்துக்கு மங்கல் பூச்சு, நகைக்கும் கிரீடத்துக்கும் மட்டும் பளபளப்பு என்று பிரித்துக்கொள்வது மேல்.

மூன்றாவது, கூலி. பொம்மை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு நிறுத்தும் இடம் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அந்த நெருக்கடி இல்லாததால்தான் நிறுத்தத் தெரியாமல் தவிக்கிறார். மிகக் குறைந்த கோட்டில் சிரிப்பையும் சினத்தையும் எழுதும் திறமை பொம்மைக்காரக் குடும்பங்களில் வளர்ந்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். அதைப் புகழும்போது அவர்களுடைய கூலியின் சிறுமையை மறந்துவிடக் கூடாது.

ஒரு மறுப்பு

யாரும் பார்க்காத இடத்திலும் முழுமையாகச் செய்வதுதான் கலைஞனின் நேர்மை, கோயில் சிற்பி விமானத்தின் உச்சியிலும் குறை வைக்கவில்லையே என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அந்தச் சிற்பி உச்சியில் வைத்ததைக் கீழேயிருப்பதன் பிரதியாகச் செய்யவில்லை. எட்டத்திலிருந்து தெரிய வேண்டும் என்று உறுப்புகளைப் பெரிதாக்கி, பள்ளங்களை ஆழமாக்கிச் செய்தான். முழுமை என்பது அந்த இடத்துக்கான முழுமை. மேசை விளையாட்டு உருவங்களை வார்ப்பவர்களும் தலையையும் கையையும் ஆயுதத்தையும் அளவுக்கு மீறிப் பெரிதாக்குவது இதே காரணத்தால்தான்.

தன் இன்பத்துக்காகக் கருவிழியும் இமைமயிரும் எழுதுபவரைத் தடுக்க ஒரு நியாயமும் இல்லை. அது அவருடைய தியானம். அதை மற்றவர்கள்மேல் தரமாகச் சுமத்தும்போதுதான், புதிதாகத் தூரிகை எடுத்தவர் முதல் நான்கு உருவங்களோடு சோர்ந்து, மீதிப் படையைச் சாம்பல் நிறத்திலேயே பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்.

பரணிலிருந்து இறக்கிய பழைய அறுபத்துமூவர் செட்டுக்கு மறுவண்ணம் பூச உட்காரும் மேலகரத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். 63 பேருக்கும் மேனி, வேட்டி, திருநீறு என்று மூன்று வண்ணத்தில் அடிப்படை வேலையை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிறகு செட்டைப் படியில் அடுக்கி, விருந்தினர் உட்காரும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். யார் யாரென்று தெரியவேண்டியவர்கள் ஆறேழு பேர். அவர்களுடைய அம்பும் உழவாரமும் முதலில் தெளிவாகட்டும். அடுத்து எல்லாருடைய கண்ணும். அதன்பின் ஒவ்வொரு கோட்டையும் போடுமுன், இது இங்கிருந்து தெரியுமா, தெரிந்தால் புதிதாக ஏதாவது சொல்லுமா என்ற இரண்டு கேள்விகள். இரண்டில் ஒன்றுக்கேனும் இல்லை என்ற விடை வரும் இடத்தில் தூரிகையைக் கழுவிவிடலாம். மிச்சமாகும் நேரத்தைக் கண்ணப்பரின் முகத்துக்குக் கொடுத்தால், 63 பேருக்கும் சமமாகப் பிரித்ததைவிடச் செட் முழுவதும் உயர்ந்து தெரியும்.